ஞானதீபம் டீச்சர் போட்ட மத்தியானக் கோடு

1961 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு ஞானதீபம் டீச்சர் வருகைப் பதிவேட்டில் முத்துப்பேச்சி என்ற பெயருக்கு நேரே ஒரு சாய்கோடு போட்டார். அது காலைக்கு. கையோடு அதன் மேலேயே எதிர்ப்பக்கம் சாய்த்து இன்னொரு கோடு போட்டார். அது மத்தியானத்துக்கு. இரண்டும் சேர்ந்து பெருக்கல் குறி ஆயிற்று. முத்துப்பேச்சி அன்று பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை.

பதினொரு மணிக்கு, முக்கால் மைல் தள்ளியிருந்த பட்டாசுக் கம்பெனியில் செட் என்கிற வேலைக் கொட்டகை ஒன்று வெடித்தது. வெடிச்சரம் பின்னிக்கொண்டிருந்த பத்து வயது முத்துப்பேச்சி அங்கேயே இறந்தாள். ஆனால் பதிவேட்டின்படி, அவள் செத்த பிறகும் ஐந்து மணி நேரம், சாயந்திர மணி அடிக்கும்வரை, மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து பாடம் படித்தாள்.

இப்படி ஒரு பிழையை ஒரு நல்ல மனுஷி எப்படிச் செய்தார் என்று கேட்பவர்கள், அவர் எந்த ஏணியின் கடைசிப் படியில் நின்றார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேட்டுக்கிணறு என்ற அந்த ஊர், எம். புதுப்பட்டிச் சாலையிலிருந்து பிரியும் வண்டிப்பாதையில் இருந்தது. கரிசல், உடைமரம், ஓட்டுக் கட்டடமாக ஒரு வேதக்கோவில். கோவிலை ஒட்டி ஒற்றை ஆசிரியர் பள்ளிக்கூடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் சபையின் வெள்ளைக்காரக் குருமார் கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக வந்தபோது வைத்த விதை. எழுத்து என்றால் என்னவென்று தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அதை மறைப்பது நியாயம் இல்லை. அவர்களே கூடவே ஓர் ஏணியையும் நட்டுவிட்டுப் போனார்கள்.

ஊருக்கு ஒரு சபை; அதைப் பார்த்துக்கொள்ள ஓர் உபதேசியார். பத்துப் பன்னிரண்டு சபைகள் சேர்ந்தால் ஒரு சேகரம். அதற்கு ஒரு குரு. கிறிஸ்தவர்கள் அவரை ஐயர் என்பார்கள். சில சேகரங்கள் சேர்ந்தால் ஒரு சர்க்கிள். அதற்கு ஒரு சேர்மன். சர்க்கிள்கள் எல்லாம் சேர்ந்தது திருமண்டலம். அதன் உச்சியில் அத்தியட்சர், அதாவது பிஷப். 1947இல் பல சபைகள் கூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது ஆங்கிலிக்கன் என்ற பெயர் போயிற்று. வெள்ளைக்காரர் உட்கார்ந்த நாற்காலிகளில் நம்மவர்கள் உட்கார்ந்தார்கள். நாற்காலிகளின் உயரத்தில் ஓர் அங்குலமும் குறையவில்லை. மேலேயிருந்து உத்தரவு வரும்; கீழேயிருந்து அறிக்கை போகும். கேள்வி மட்டும் எந்தத் திசையிலும் போகாது.

ஞானதீபத்தின் கணவர் ஜேசுதாசன் அந்த ஊர் உபதேசியார். உபதேசியாருக்கு ஓர் ஆசிரியையைக் கட்டிவைப்பது மிஷன் காலத்து ஏற்பாடு. ஒரு வீட்டைக் கொடுத்து இரண்டு ஊழியர்களை வைத்துக்கொள்ளலாம். வசதியான ஏற்பாடுதான், வீட்டைக் கொடுத்தவர்களுக்கு. ஐயர் நினைத்தால் ஒரே காகிதத்தில் கணவனின் ஊழியம், மனைவியின் வேலை, தலைக்கு மேலிருக்கும் ஓடு மூன்றும் போகும். நாலாவதாக ஒன்றும் இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் ஞானஜோதி ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தது ஐயருடைய சிபாரிசுக் கடிதத்தால். பயிற்சி முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது.

ஞானதீபத்துக்கு அப்போது நாற்பது வயது. ஒல்லி. சத்தமாகப் பேசத் தெரியாது. கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் ஆறு ஊர் பார்த்தவர். ஒவ்வொரு வருடமும் மே மாதம் தபால்காரர் சைக்கிளைத் தெருமுனையில் கண்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார். மாற்றல் பட்டியல் வரும் மாதம் அது.

ஐயரின் பெயர் ஞானசீலன். சேகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மானேஜரும் அவரே. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஊழியர் கூட்டம். உபதேசியார்களும் ஆசிரியர்களும் அறிக்கையோடு வரிசையில் நிற்க, ஐயர் ஒவ்வொருவராக விசாரிப்பார். இரண்டு வருடங்களுக்கு முன்னால் அப்படி ஒரு கூட்டத்தில்தான் அது தொடங்கியது.

“டீச்சர், உங்க பள்ளிக்கூடத்துல எம்புட்டுப் பிள்ளைக?”

“பேரு இருக்கது நாப்பத்திமூணு, ஐயா. வாரது பதினாறு, பதினேழு. சீசன் பாருங்க. விடியுமுன்ன கம்பெனி லாரி வந்து அள்ளிட்டுப் போயிருது.”

“சீசன் தீபாவளியோட போயிரும். பூட்டுன பள்ளிக்கூடம் திரும்பத் தெறக்காது. இன்ஸ்பெக்டர் வந்து பதினாறைப் பாத்தார்னா பூட்டுதான். பிள்ளைக பேரைக் காப்பாத்தி வைங்க.”

பொய் எழுதுங்கள் என்று ஐயர் சொல்லவில்லை. ஏணியின் எந்தப் படியிலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பேரைக் காப்பாற்றி வைக்கச் சொல்வார்கள். பக்கத்து ஊர் ஆசிரியர் ஒருவர் வெளியே வந்ததும் டீச்சரிடம் முறையைச் சொல்லிக்கொடுத்தார். வராத பிள்ளைக்கு இரண்டு கோட்டையும் காலையிலேயே போட்டுவிடுவது. மத்தியானம் மறந்துபோனால் ஒற்றைக்கோடு நின்று காட்டிக்கொடுக்கும் அல்லவா? இதற்கு அவர்களுக்குள் ‘சீசன் கோடு’ என்று பேர்.

வெடித்த அன்று பள்ளிக்கூடத்தில் பதினாறு பிள்ளைகள் இருந்தார்கள். ஓட்டிலிருந்து மண் கொட்டியது. டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினார். பிள்ளைகள் எழுந்திருக்கக்கூட இல்லை. சத்தம் எந்தப் பக்கம் என்று தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு பையன் சொன்னான்: “ராஜசிங் கம்பெனி டீச்சர். மருந்துச் செட்டு இல்லை, சரம் பின்னுத செட்டு.” எட்டு வயதுக்காரன். காக்கைச் சத்தத்தையும் குயில் சத்தத்தையும் பிரித்துச் சொல்கிற நிதானம் அவன் குரலில் இருந்தது.

ஜேசுதாசன் போய்ப் பார்த்துவிட்டு உச்சி வெயிலில் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் கரி.

“நாலு பேரு. அதுல ஒண்ணு சின்னது.”

“யாரு?”

“நம்ம வெள்ளைத்தாய் மக. முத்துப்பேச்சி.”

டீச்சர் அழவில்லை. உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்தார். மை காய்ந்திருந்தது. பெருக்கல் குறியைப் பார்த்தபடி நின்றார். அவர் முதலில் அழாததற்குக் காரணம் கல்நெஞ்சம் அல்ல, பயம். துக்கம் உட்கார இடம் தேடும் முன்னால் பயம் வந்து பாயை விரித்துவிடும். ஏழைகளின் வீடுகளில் இது எப்போதும் நடப்பதுதான்.

கம்பெனி முதலாளி ராஜசிங், கோவிலில் முதல் பெஞ்சுக்காரர். சேகரக் கமிட்டி உறுப்பினர், திருமண்டலப் பெருமன்றத்துக்குப் பிரதிநிதி. கோவில் மணிக்கூண்டில் அவர் பெயர் கல்லில் வெட்டியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து நின்று, “கர்த்தருடைய சித்தம்” என்றார். சபை ‘ஆமென்’ சொன்னது. கந்தகத்துக்கும் அலுமினியப் பொடிக்கும் சித்தம் கிடையாது. இடநெருக்கடியும் உராய்வும் போதும். பன்னிரண்டு பேருக்குக் கட்டிய செட்டில் முப்பது பேரை உட்கார வைத்தது யாருடைய சித்தம் என்று கேட்க அந்தக் கோவிலில் வாய் இல்லை. செத்த நால்வரின் பெயரையும் ஜெபத்தில் வாசிக்கவில்லை. அவர்கள் சபைப் பட்டியலில் இல்லாதவர்கள்.

அந்த ஞாயிற்றுக்கு முன்பே, வெடித்த மறுநாள் புதன்கிழமை, ஐயர் சைக்கிளில் வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே, தட்டச்சு செய்த காகிதம் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

“திங்கக்கிழமை மதுரையிலேருந்து தொழிற்சாலை ஆபீசர் விசாரணைக்கு வாராரு. பள்ளிக்கூடத்துக்கும் வருவாரு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டு வைங்க.”

டீச்சர் படித்தார். முத்துப்பேச்சி அன்று காலை பள்ளிக்கு வந்தாள். இடைவேளையில் யாரிடமும் சொல்லாமல் வெளியேறினாள். தாயைப் பார்க்கக் கம்பெனிக்குள் நுழைந்தாள். அவள் அங்கே வேலை பார்த்தவள் அல்ல.

“ஐயா, பதிவேட்டுல மத்தியானமும் வந்ததா இருக்கே.”

ஐயர் முகம் வெளுத்தது. அவருக்கு அது தெரியாது. பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். விரலால் அந்தக் குறியைத் தேய்த்தும் பார்த்தார்.

“மத்தியானக் கோட்டை மட்டும் பிளேடால சுரண்டிருங்க. மெதுவா. காயிதம் கிழியாம.”

“ஐயா…”

“டீச்சர், அடுத்த மாசம் அத்தியட்சர் திடப்படுத்தல் ஆராதனைக்கு வாராக. பந்தல், சாப்பாடு அம்புட்டும் ராஜசிங் அண்ணாச்சி. நேத்து சேர்மன் என்னைக் கூப்பிட்டு, ‘உம்ம சேகரத்துல என்னய்யா சத்தம்’னு கேட்டாக. வெடிச் சத்தத்தைக் கேக்கலை. நான் என்ன செய்ய? எனக்கும் மேல ஆள் இருக்காகம்மா.”

அப்போதுதான் டீச்சர் கவனித்தார். ஐயரின் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. அது ஆறுதலாக இல்லை. மேலே நிற்பவரும் நடுங்கும் ஏணியில் கீழே நிற்பவர் எதைப் பிடிப்பது?

வியாழக்கிழமை மத்தியானம் வெள்ளைத்தாய் வந்தாள். இடதுகையில் முழங்கைவரை துணிக்கட்டு. அதே கம்பெனியில் பக்கத்துச் செட்டில் இருந்தவள். வாசற்படிக்கு வெளியே நின்றாள். எத்தனை முறை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

“டீச்சரம்மா, கம்பெனிக் கணக்கப்பிள்ளை ஒண்ணு சொல்லுதாரு. எம்மக அன்னைக்கு உங்க பள்ளிக்கூடத்துலதான் இருந்தாளாம். புஸ்தகத்துல எழுதியிருக்காம். நெசமா?”

டீச்சர் திரும்பிப் பானையில் தண்ணீர் மொண்டார்.

“விடிய நாலு மணிக்கு நான்தான தட்டி எழுப்புனேன். லாரியில எம்மடியிலதான உக்காந்து வந்தா. இருந்தாலும் கேக்கேன். படிச்சவுக எழுதுனது பொய்யா இருக்குமா? இங்கனதான் இருந்தான்னா, நான் மண்ணுக்குள்ள வச்சது யாரைம்மா?”

அவள் குற்றம் சாட்டவில்லை. சண்டைக்கும் வரவில்லை. எழுத்தின்மேல் அவளுக்கிருந்த மரியாதையில், தன் கண்ணையே சந்தேகப்பட்டுக் கேட்டாள். டீச்சர் தண்ணீர் கொடுத்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வெயிலில் இறங்கிப் போய்விட்டாள்.

அன்று சாயந்திரம் கணவனும் மனைவியும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். காகிதம் உப்புச் சாடியின் கீழே இருந்தது.

“கையெழுத்துப் போட்டா ஒரு பொய்யோட போகும்,” என்றார் ஜேசுதாசன். “போடாட்டா ரெண்டு வருசப் பொய் வெளிய வரும். சர்ட்டிபிகேட்டு போயிரும், ஞானம். பொய்ப் பதிவேடுன்னா ஜெயிலுன்னு கூடச் சொல்லுதாக.”

“ஜோதிய என்ன செய்வாக?”

“சிபாரிசு கொடுத்தவருக்கு அதத் திருப்பி வாங்கவும் தெரியும்.”

“நீங்க சொல்லுங்க, என்ன செய்ய?”

“என்னையவா கேக்க? ‘பயப்படாதிருங்கள்’னு வாரா வாரம் மேடையில வாசிக்கேன். வாசிக்கையிலயே ராஜசிங் அண்ணாச்சி மூஞ்சியப் பாத்துக்கிட்டுதான் வாசிக்கேன்.” அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

டீச்சர் பிளேடை எடுத்தார். மத்தியானக் கோட்டின் நுனியில் வைத்தார். ஒரு நெல்மணி அளவு மை உதிர்ந்தது. அதற்குமேல் கை ஓடவில்லை. மனம் துணிந்ததால் அல்ல. சுரண்டினால் என்ன மிஞ்சும் என்று கண்ணில் பட்டதால். ஒற்றைச் சாய்கோடு மிஞ்சும். இடைவேளையில் ஓடிப்போன பிள்ளை மிஞ்சும். தன் சாவைத் தானே தேடிப்போனவள் என்று ஒரு பத்து வயதுக்காரியின் மேல் எழுதி வைத்ததாகும். பிளேடை மாடக்குழியில் வைத்துவிட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் காகிதம் கையெழுத்தில்லாமல் உப்புச் சாடியின் கீழேயே இருந்தது.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு ஜீப் வந்தது. தொழிற்சாலை ஆபீசர் இளவயது, கண்ணாடி போட்டவர். ஐயர் கூடவே வந்தார். ராஜசிங் வெள்ளை வேட்டியோடு வாசலில் வேப்பமரத்தின் கீழ் நின்றுகொண்டார். உள்ளே வரவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அங்கிருந்தே டீச்சரின் முகம் தெரியும்.

“இவர் சொன்ன உங்க கடிதம் எங்கம்மா?” என்று ஆபீசர் கேட்டார்.

டீச்சர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

“டீச்சருக்கு உடம்பு சுகமில்லை,” என்றார் ஐயர் அவசரமாக. “நானே சொல்லுதேன்…”

“அவங்களே சொல்லட்டும். அந்தப் பிள்ளை அன்னைக்கு வந்துச்சாம்மா?”

மறுபடியும் வாயைத் திறந்தார். ஒரு வாக்கியம் வேண்டும், எழுவாயும் பயனிலையும் வேண்டும், அவரால் முடியவில்லை. பத்தொன்பது வருடமாக நடுக்கம் இல்லாமல் அவர் குரல் எடுத்தது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். பதிவேட்டைத் திறந்து, அன்றைக்கு இன்னும் கூப்பிடாத பேர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்.

“அய்யாதுரை.”

“உள்ளேன் டீச்சர்.”

“செல்லப்பாண்டி.”

சத்தம் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப்பெண், பெரியவர்களுக்கு உதவுகிற ஆசையில் சொன்னாள்: “கம்பெனி, டீச்சர்.”

வரவில்லை என்பதற்கு டீச்சர் சுழி போட்டார். “முத்துமாரி.”

“கம்பெனி,” என்றன இரண்டு மூன்று குரல்கள்.

“பெத்தணன்.”

“கம்பெனி!” இப்போது வகுப்பே சேர்ந்து சொன்னது. வாய்ப்பாடு சொல்கிற ராகம் வந்துவிட்டது. ஒரு பேர், ஒரு ‘உள்ளேன்’, ஒரு பேர், ஒரு ‘கம்பெனி’, மறுபடியும் ‘கம்பெனி’. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். வாசலில் ராஜசிங் ஓர் அடி முன்னால் வந்து நின்றார். ஐயர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் அடுத்த பேருக்கு விரலை நகர்த்தினார். நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடிந்திருக்காது. வரிசை அவரை இழுத்துக்கொண்டு போனது.

“முத்துப்பேச்சி.”

பழக்க வேகத்தில் ஒரு பையன் “கம்” என்றான். பிறகு அவனே நிறுத்திக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

ஆபீசர் எழுந்து வந்து பதிவேட்டைக் கையில் வாங்கினார். போன செவ்வாய்க்கிழமைக்குப் புரட்டினார்.

“காலையிலயும் வந்திருக்கா. மத்தியானமும் வந்திருக்கா.”

“இல்லை,” என்றார் டீச்சர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. “வரலை. ரெண்டு கோடும் நான் போட்டது. ரெண்டு வருசமாப் போடுதேன். இப்படித்தான்.”

ஐயர் சொல்லித்தான் செய்தேன் என்று அவர் சொல்லவில்லை. மன்னித்து விட்டுவிட்டதாக நினைக்கவேண்டாம். ஐயரின் பெயரைச் சொல்லப் பயம். அந்தப் பயம் அதற்கப்புறமும் போகவில்லை. அதனால் தண்டனை முழுவதும் அவர் ஒருவர் தலையில் விழுந்தது. அவரிடம் பொய்யை வாங்கிக்கொண்டவர்கள் யாவரும் அவரைப் பொய்யர் என்று எழுதித் தீர்மானம் போட்டார்கள். சேகரக் கமிட்டி, சர்க்கிள், கல்விக் கமிட்டி என்று ஏணியின் ஒவ்வொரு படியும் வரிசை தவறாமல் கையெழுத்திட்டது. டீச்சருக்கு வேலை போயிற்று. சர்ட்டிபிகேட் இரண்டு வருடம் முடக்கப்பட்டது. ஜேசுதாசனுக்கு ‘ஊழியத்தின் நலன் கருதி’ மல்லாங்கிணற்றுக்கு அப்பால் ஒன்பது குடும்பம் உள்ள சபைக்கு மாற்றல். ஞானஜோதியைப் பயிற்சிப் பள்ளியிலிருந்து நீக்கவில்லை. ஆனால் படிப்பு முடிந்ததும் திருமண்டலப் பள்ளிகள் எதிலும் அவளுக்கு இடம் இல்லை. பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் வேலை கிடைக்க நாலு வருடம் ஆயிற்று.

கம்பெனி தீபாவளிக்கு முன்பே திறந்துவிட்டது. ஆபீசரின் அறிக்கையில் மட்டும் முத்துப்பேச்சி ‘தொழிலாளி’ என்று இருந்தாள். வெள்ளைத்தாய் போட்ட நஷ்டஈட்டு வழக்கு 1964 வரை நடந்து, அந்த ஒரு சொல்லால் ஜெயித்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு நீதி கிடைக்க, அவள் தொழிலாளி என்று நிரூபிக்க வேண்டியிருந்த நாடு நம்முடையது.

அந்த வருடமே டீச்சரும் கணவரும் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று வழியனுப்ப யாரும் வரவில்லை. வண்டி பிடிக்க வழியில்லாமல் பஸ் நிற்கும் இடத்துக்குச் சாமான்களைச் சுமந்துகொண்டு இரண்டு மைல் நடந்தார்கள். ஜேசுதாசன் டிரங்குப் பெட்டியோடு முன்னால் போய்விட்டார். பாதித் தூரத்தில், உடைமரத்தின் பின்னாலிருந்து வெள்ளைத்தாய் வெளியே வந்தாள். டீச்சரின் தலையிலிருந்த பாத்திர மூட்டையை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். புண் ஆறாத கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“யாராவது பாத்தா உனக்கு வேலை போயிரும், வெள்ளைத்தாயி.”

“பாக்கத்தான் செய்வாக. நடங்க டீச்சரம்மா.”

பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்க்காமலே பாதையை விட்டு இறங்கி, கரிசலில் தலைகுனிந்து நின்றார்கள். லாரி புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று தெரியவில்லை.

“பயமா இருக்கா?” என்று கேட்டாள் வெள்ளைத்தாய்.

“ஆமா.”

“எனக்கும்தான். வாங்க, பஸ் போயிரும்.”